இலங்கையில் பணம் போட ஐந்து வழிகள்: பெங்களூரிலிருந்து கணக்குப் பார்த்தால் எது தேறும்?

இலங்கையில் முதலீடு என்றதும் "எதில் லாபம் அதிகம்?" என்றுதான் பேச்சு தொடங்கும். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறொன்று. போட்ட பணம் எந்தக் கணக்கு வழியாக, யார் பெயரில், எந்த நாணயத்தில் பெங்களூர் வங்கிக் கிளைக்குத் திரும்பி வரும்? இதை வைத்து உரசினால் ஐந்து வழிகளில் இரண்டு உடனே அடிபட்டுவிடும்.

ஐந்தையும் சொல்லிவிடுகிறோம். இலங்கையில் தொழில் நடத்தும் இந்திய நிறுவனப் பங்குகளை இங்கேயே வாங்குவது. கொழும்புப் பங்குச் சந்தையில் நேரடியாக வாங்குவது. இலங்கை அரசின் டாலர் கடன் பத்திரம். காணி அல்லது அடுக்குமாடி வீடு. சொந்தமாகத் தொழில் தொடங்குவது அல்லது அங்குள்ளவரோடு சேர்ந்து செய்வது.

எங்கள் முடிவும் இதுதான்: சம்பளக்காரருக்கு முதல் இரண்டு போதும், அதிலும் சிறு தொகை. கடன் பத்திரமும் காணியும் வேண்டாம். கம்பெனி வைத்திருப்பவருக்கு ஐந்தாவது வழி பொருந்தும், ஆனால் மூலதனம் போட்டு அல்ல, வேலை கொடுத்து. ஏன் என்பதைக் கீழே பார்க்கலாம்.

குறியீட்டெண் ஏறியது, ரூபாய் இறங்கியது

போர் 2009 மே மாதம் முடிந்தது. கொழும்புச் சந்தையின் அனைத்துப் பங்கு விலைக் குறியீடு 2008 முடிவில் 1,503 புள்ளி. 2009 முடிவில் 3,385. 2010 முடிவில் 6,635. இரண்டே ஆண்டில் நான்கு மடங்குக்கு மேல். இந்த எண்ணைக் காட்டித்தான் "போர் முடிந்த நாட்டில் போட்டால் கொழிக்கலாம்" என்கிறார்கள். ஏற்றம் முடிந்த பிறகு நுழைந்தவரின் கணக்கை யாரும் காட்டுவதில்லை.

2010 முடிவில் 100 இந்திய ரூபாய் போட்டவரை எடுத்துக்கொள்ளுங்கள். அன்று நம் ஒரு ரூபாய்க்கு ஏறத்தாழ 2.48 இலங்கை ரூபாய். 2019 முடிவில் குறியீடு 6,129. ஒன்பது ஆண்டு கழித்து ஒன்பது புள்ளி கூட ஏறவில்லை, இறங்கியே இருந்தது. நாணய மாற்றையும் சேர்த்தால் ஈவுத்தொகைக்கு முன் கையில் நிற்பது 90 ரூபாய். அதே காலத்தில் ஜெயநகர் வங்கிக் கிளையில் சாதாரண வைப்பில் போட்டிருந்தால் ஏறக்குறைய இரண்டு மடங்காகியிருக்கும்.

அடுத்தது 2022. ஏப்ரல் 12 அன்று வெளிநாட்டுக் கடனைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக இலங்கை அறிவித்தது. அந்த ஆண்டு தொடக்கத்தில் டாலருக்கு 200 ஆக இருந்த இலங்கை ரூபாய், மே மாதம் 360ஐத் தொட்டது. செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைவாசி ஓராண்டு முன்பை விட 70 சதவீதம் உயர்ந்திருந்தது. குறியீடு 2021 முடிவில் 12,226, 2022 முடிவில் 8,489. கொழும்புக்காரருக்கு இது 30 சதவீத நட்டம். இந்திய ரூபாயில் கணக்குப் பார்த்தவருக்கு 100 ரூபாய் 43 ரூபாயாகிவிட்டது. பங்கு அடித்தது ஒரு அடி, நாணயம் அடித்தது இன்னொரு அடி.

மறுபக்கமும் உண்டு. அந்த 2022 முடிவில், எல்லோரும் பயந்து நின்ற நேரத்தில் 100 ரூபாய் போட்டவருக்கு 2024 முடிவில் 240 ரூபாய். குறியீடு 15,944க்கு வந்தது, இலங்கை ரூபாயும் டாலருக்கு 293 என்று வலுப்பெற்றது. 2023 மார்ச்சில் பன்னாட்டு நாணய நிதியம் ஏறத்தாழ 300 கோடி டாலர் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்ததுதான் திருப்பம். 2025இல் குறியீடு 22,000ஐத் தாண்டியது. ஆக, மலிவு விலைக் கடை ஏற்கெனவே அடைத்தாகிவிட்டது. இப்போது போகிறவர் 2010 முடிவில் போனவரைப் போலவா, 2022 முடிவில் போனவரைப் போலவா என்று தன்னையே கேட்டுக்கொள்வது நல்லது.

இன்னொன்று. "போருக்குப் பிந்தைய மீட்சி" என்றால் நம் மனக்கண்ணில் கிளிநொச்சியும் முல்லைத்தீவும் வருகின்றன. குறியீட்டில் வருவது கொழும்பு. நாட்டின் மொத்த உற்பத்தியில் மேல் மாகாணத்தின் பங்கு 40 சதவீதத்தைத் தாண்டும். வடக்கின் பங்கு 5 சதவீதத்தை ஒட்டியே நிற்கிறது. பட்டியலில் கனமாக இருப்பவை வங்கிகளும் ஜான் கீல்ஸ் போன்ற கொழும்புக் குழுமங்களும். யாழ்ப்பாணத்துக்கு உதவுவதாக நினைத்துப் பங்கு வாங்கினால் பணம் காலி முகத்திடலோடு நின்றுவிடும். தவறில்லை, தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே.

முதல் வழி: இந்தியப் பங்கிலேயே இலங்கை

ஏற்கெனவே டிமேட் கணக்கு இருந்தால் புதிதாக ஒரு தாளும் நிரப்ப வேண்டாம். அதுதான் இதன் ஒரே பெரிய வசதி. வரியும் வழக்கமான உள்நாட்டு வரி. குறை என்னவென்றால் இலங்கை இந்த நிறுவனங்களின் ஓரத்தில்தான் இருக்கிறது.

அதானி போர்ட்ஸ் 51 சதவீதம் வைத்திருக்கும் கொழும்பு மேற்கு முனையம் 2025 ஏப்ரலில் இயங்கத் தொடங்கியது. ஆண்டுக்கு 32 லட்சம் கண்டெய்னர் கையாளும் திறன். பெரிய துறைமுகந்தான், ஆனால் அந்தக் குழுமத்தின் இந்தியத் துறைமுகங்களுக்குப் பக்கத்தில் அது ஒரு துண்டு. அதே குழுமத்தின் இன்னொரு நிறுவனம் மன்னார், பூநகரி காற்றாலைத் திட்டங்களை 2025 பிப்ரவரியில் கைவிட்டதையும் நினைவில் வையுங்கள். மின்சார விலையைப் பற்றிய பேச்சு ஆட்சி மாறியதும் மறுபடி தொடங்கியதுதான் காரணம். ஐடிசி ஹோட்டல்ஸ் 2024இல் கொழும்பில் 352 அறை ரத்னதீபாவைத் திறந்தது. மும்பையைச் சேர்ந்த சியட், மிஷெலினிடமிருந்து காம்சோவின் கட்டுமான இயந்திர டயர் தொழிலை 22.5 கோடி டாலருக்கு வாங்கியபோது இலங்கை ஆலைகளும் கூடவே வந்தன. ஆனால் அந்த ஆலைகளின் சரக்கு உலகம் முழுக்கப் போகிறது. அவை இலங்கை மீட்சியைவிட அமெரிக்க, ஐரோப்பிய கட்டுமான இயந்திர விற்பனையைப் பார்த்தே ஏறும் இறங்கும்.

இலங்கையின் வாங்கும் சக்தி நேரடியாகத் தெரியும் இந்தியப் பங்கு வேண்டுமென்றால் சஃபையர் ஃபுட்ஸ் ஒன்றுதான் கொஞ்சமாவது பொருந்தும். அங்கே பீட்சா ஹட் கடைகளை நடத்துவது அந்த நிறுவனம். மொத்த விற்பனையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் இலங்கையிலிருந்து வருகிறது. அப்போதும், மீதிக்கு இந்தியாவின் கேஎஃப்சி, பீட்சா ஹட் வியாபாரத்தைத்தான் வாங்குகிறீர்கள்.

இரண்டாவது வழி: கொழும்புச் சந்தையில் நேரடியாக

இந்தியாவில் வசிப்பவர் ஒரு நிதியாண்டில் 2.5 லட்சம் டாலர் வரை வெளிநாட்டுக்கு அனுப்ப ரிசர்வ் வங்கியின் எல்.ஆர்.எஸ். திட்டம் இடம் கொடுக்கிறது. பட்டியலிட்ட வெளிநாட்டுப் பங்கில் 10 சதவீதத்துக்குக் குறைவாக, நிர்வாகக் கட்டுப்பாடு இல்லாமல் போடுவதை 2022 ஆகஸ்ட் விதிகள் "வெளிநாட்டுப் போர்ட்ஃபோலியோ முதலீடு" என்கின்றன. இதற்குத் தனி அனுமதி வேண்டாம்.

வரிசை முக்கியம். பலர் இதைத் தலைகீழாகச் செய்து மாட்டிக்கொள்கிறார்கள். முதலில் கொழும்புப் பங்குத் தரகரைப் பிடித்து, அவர் மூலம் மத்திய வைப்பகத்தில் சி.டி.எஸ். கணக்கு, நம் டிமேட் மாதிரி. அதோடு இலங்கை வணிக வங்கி ஒன்றில் உள்முக முதலீட்டுக் கணக்கு, அங்கே ஐ.ஐ.ஏ. என்பார்கள். இரண்டும் உங்கள் பெயரில், பாஸ்போர்ட்டில் உள்ள எழுத்தோடு ஒத்துப்போக வேண்டும். இங்கேதான் நம் ஆட்களுக்குச் சிக்கல். பான் அட்டையில் "கே. முருகன்", பாஸ்போர்ட்டில் தகப்பன் பெயர் விரிந்து "முருகன் கந்தசாமி", வங்கிக் கணக்கில் "முருகன் கே". பெங்களூர் வங்கி அனுப்பும் பணம் பெயர் பொருந்தாமல் கொழும்பில் நிற்கும், அல்லது கட்டணம் பிடித்துக்கொண்டு திரும்பி வரும். அனுப்பும் முன் மூன்றையும் ஒரே எழுத்தாக்கிவிடுங்கள்.

இரண்டு கணக்கும் கைக்கு வந்த பிறகுதான் இங்குள்ள வங்கியில் வெளிநாட்டுக்குப் பணம் அனுப்பும் ஏ2 படிவம். அதில் நோக்கக் குறியீடு எஸ்0001 என்று இருக்க வேண்டும், அதாவது வெளிநாட்டுப் பங்கில் போர்ட்ஃபோலியோ முதலீடு. கவுண்டரில் இருப்பவர் பழக்கத்தில் எஸ்1301 என்று குடும்பப் பராமரிப்பைப் போட்டுவிடுவதுண்டு. அப்படிப் போனால் நாளைக்குப் பங்கை விற்று வரும் பணம் எங்கிருந்து வந்தது என்று வருமான வரித்துறைக்குக் காட்டத் தாள் இருக்காது. கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு கட்டத்தை மட்டுமாவது வாசியுங்கள்.

பணம் டாலராகப் போகும், கொழும்பில் இலங்கை ரூபாயாகும். இரண்டு மாற்றம், இரண்டு வங்கியின் இலாபம். திரும்பும்போதும் அப்படியே. விளம்பரத்தில் உள்ள மாற்று விகிதத்தைப் பார்க்காமல், "இன்று 1,000 டாலருக்கு என் கணக்கில் எவ்வளவு பிடிப்பீர்கள்?" என்று கேட்டால் உண்மை விலை வெளியே வரும்.

ஒரு நிதியாண்டில் முதல் 10 லட்சம் ரூபாய்க்கு டி.சி.எஸ்., அதாவது அனுப்பும்போதே வங்கி முன்கூட்டி வசூலிக்கும் வரி, இல்லை. அதற்கு மேல் போகும் தொகைக்கு 20 சதவீதம். 25 லட்சம் அனுப்பினால் கூடுதல் 15 லட்சத்துக்கு 3 லட்சம் பிடிப்பார்கள். இது செலவில்லை, வருமான வரியில் கழித்துக்கொள்ளலாம். சம்பளக்காரர் அலுவலகத்தில் சொல்லி, மாதாமாதம் பிடிக்கும் வரியிலேயே சரிக்கட்டிக்கொள்ளவும் வழியிருக்கிறது. ஆனாலும் கையிருப்பு முடங்கும். 20 லட்சம் போட நினைப்பவர் மார்ச்சில் பத்தும் ஏப்ரலில் பத்துமாக அனுப்பினால் அந்தத் தொல்லையே இல்லை.

கொழும்பில் வாங்கும்போது தரகு, சந்தைக் கட்டணம், பங்குப் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்து 1.12 சதவீதம். விற்கும்போது இன்னொரு 1.12. பத்து லட்சம் ரூபாய் போட்டு எடுத்தால் 22,400 ரூபாய் இதற்கே போகும். இங்குள்ள தள்ளுபடித் தரகர்களிடம் பழகியவருக்கு இது கசக்கும். தினம் வாங்கி தினம் விற்கும் ஆளுக்கு இந்தச் சந்தை இல்லவே இல்லை.

இன்னொரு விஷயம், பங்கின் வால் எழுத்து. கொழும்பில் கமர்ஷியல் வங்கி, ஹட்டன் நேஷனல் வங்கி போன்றவற்றுக்கு இரண்டு வகைப் பங்கு. "என்" என்று முடிவது வாக்குரிமை உள்ளது, "எக்ஸ்" என்று முடிவது இல்லாதது. எக்ஸ் பங்கு பெரும்பாலும் மலிவாகக் கிடைக்கும். ஒரு பங்குக்கான ஈவுத்தொகை அதே அளவு என்றால், குறைந்த விலைக்கு வாங்கியவருக்கு வரும் சதவீதம் அதிகம். பெங்களூரில் இருப்பவருக்கு வாக்குரிமையால் ஆகப்போவது ஒன்றுமில்லை, ஆகவே எக்ஸ் வாங்குவது புத்திசாலித்தனமாகவே படும். பொறி எங்கே என்றால், எக்ஸ் பங்கில் நடமாட்டம் குறைவு. வாங்கும்போது திரையில் காட்டும் விலைக்கு 500 பங்கு கிடைக்கும், 5,000 கேட்டால் விலை ஏறிவிடும். விற்கும்போது இதே கதை தலைகீழாக. ஒரு மாதத்தின் தினசரி வியாபார அளவைப் பார்த்து, அதில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஒரே நாளில் வாங்காமல் இருப்பது வசதி.

ஈவுத்தொகையில் இலங்கை 15 சதவீதம் பிடித்துக்கொள்ளும். இந்திய-இலங்கை இரட்டை வரி ஒப்பந்தப்படி உச்சம் 7.5 சதவீதம்தான். ஆனால் இந்தியாவில் வசிப்பவர் என்ற வரிச் சான்றிதழை இங்குள்ள வருமான வரித்துறையிடம் வாங்கி முன்கூட்டியே கொடுத்தால்தான் அந்த விகிதம். கொடுக்காமல் 15 பிடித்துவிட்டால், இங்கே கணக்குத் தாக்கல் செய்யும்போது 7.5க்கு மேல் கழிக்க விடமாட்டார்கள். மீதியை இலங்கையிடம் திருப்பிக் கேட்க வேண்டும். சிறு தொகைக்கு அதைக் கேட்டு அலைவதைவிட விட்டுவிடுவார்கள் எல்லோரும். பட்டியலிட்ட பங்கின் மூலதன லாபத்துக்கு அங்கே வரி இல்லை. இங்கே உண்டு: 24 மாதம் தாண்டினால் 12.5 சதவீதம், அதற்குள் விற்றால் உங்கள் வருமான அடுக்குப்படி.

வரிக் கணக்கில் வெளிநாட்டுச் சொத்து அட்டவணையில் சி.டி.எஸ்.இல் உள்ள பங்கும், ஐ.ஐ.ஏ. கணக்கும் தனித்தனியாக வர வேண்டும். அந்த அட்டவணை ஏப்ரல்-மார்ச் பார்க்காது, ஜனவரி-டிசம்பர் பார்க்கும். கணக்கில் 300 ரூபாய்தான் கிடக்கிறது என்று ஐ.ஐ.ஏ.வை விட்டுவிடுபவர்கள் நிறைய. 20 லட்சம் ரூபாய்க்கு உட்பட்ட அசையும் சொத்துக்கு 10 லட்சம் ரூபாய் அபராதத்திலிருந்து 2024 அக்டோபர் முதல் விலக்கு இருக்கிறது. அதற்காகக் காட்டாமல் விட அனுமதி என்று பொருளில்லை. பங்கை விற்று ஐ.ஐ.ஏ.வில் சும்மா கிடக்கும் பணத்தை 180 நாளுக்குள் மறுபடி முதலீடு செய்ய வேண்டும், அல்லது இந்தியாவுக்குக் கொண்டுவர வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

இத்தனைக்குப் பிறகும் இந்த வழிக்கு ஒரு பெரிய பலம் இருக்கிறது. வந்த கதவு வழியாகவே வெளியே போகலாம். ஐ.ஐ.ஏ. வழியாகப் போன பணமும் லாபமும் அதே கணக்கு வழியாகத் திரும்ப இலங்கைச் சட்டம் இடம் கொடுக்கிறது. 2022இல் நாட்டில் டாலரே வற்றிப்போனது மறந்துவிடக் கூடாது, உரிமை இருப்பதும் வங்கியில் டாலர் இருப்பதும் வேறு வேறு. என்றாலும் மற்ற வழிகளில் அந்த உரிமையே கேள்விக்குறி.

மூன்றாவது: கடன் பத்திரம்

சுருக்கமாக முடித்துவிடலாம். பழைய டாலர் பத்திரத்தின் குறைந்தபட்ச அளவே 2 லட்சம் டாலர். 2024 டிசம்பரில் 1,255 கோடி டாலர் பத்திரங்களைப் புதியவற்றுக்கு மாற்றிக்கொண்டார்கள். அதில் முதன்மையானது நாட்டின் பொருளாதார வளர்ச்சியோடு கட்டப்பட்ட பத்திரம். அசலில் 27 சதவீதம் வெட்டு, பிறகு 2025 முதல் 2027 வரை டாலரில் கணக்கிட்ட மொத்த உற்பத்தி எப்படி இருந்தது என்று பார்த்து 2028இல் அசலும் வட்டியும் கூடும் அல்லது குறையும். 2025 நவம்பர் கடைசியில் டிட்வா புயல் மலையகத்தைப் புரட்டிப்போட்ட மாதிரி ஒரு நிகழ்வு வந்தால் அந்தக் கணக்கு எந்தப் பக்கம் சாயும் என்று நியூயார்க்கில் இருப்பவர்களே மண்டையை உடைத்துக்கொள்கிறார்கள். வீட்டுக் கடன் தவணை கட்டிக்கொண்டிருப்பவருக்கு இது வேண்டாத வேலை. பட்டியலிடாத கடன் பத்திரத்தை இந்தியத் தனிநபர் வாங்கவே கூடாது என்பது தனி.

நான்காவது: காணி

மனசு அதிகம் இழுக்கும் இடம் இது. பணம் அதிகம் சிக்கும் இடமும் இதுவே.

அளவை முதலில் புரிந்துகொள்ளுங்கள். கொழும்பில் விலை பேர்ச் கணக்கில் சொல்வார்கள். ஒரு பேர்ச் 272.25 சதுர அடி. பெங்களூரின் 30க்கு 40 சைட், அதாவது 1,200 சதுர அடி, 4.4 பேர்ச்தான். யாழ்ப்பாணத்தில் பரப்பு. மேட்டு நிலத்தில் ஒரு பரப்பு 10 பேர்ச், 16 பரப்பு ஒரு ஏக்கர். வயலுக்கு வேறு கணக்கு, 24 சேர்ந்தால்தான் ஏக்கர். "பரப்பு இவ்வளவு" என்று விலை சொன்னால் எந்தப் பரப்பு என்று கேளுங்கள், மூன்றில் ஒரு பங்கு வித்தியாசம் அதிலேயே போய்விடும்.

இனிச் சட்டம். 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கக் காணிக் கைமாற்றக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி வெளிநாட்டவர் பெயரில் காணி எழுத முடியாது. வெளிநாட்டவர் பங்கு 50 சதவீதம் அல்லது அதற்கு மேல் உள்ள இலங்கைக் கம்பெனி பெயரிலும் முடியாது. 99 ஆண்டு வரை குத்தகை எடுக்கலாம். அடுக்குமாடி வீட்டுக்கு விலக்கு உண்டு, அதற்கு முழுப் பணமும் வெளிநாட்டிலிருந்து வங்கி வழியாக முன்கூட்டியே வந்திருக்க வேண்டும்.

இங்கேதான் "என் ஒன்றுவிட்ட தம்பி பெயரில் வாங்கிக்கொள்ளலாம், காசை உண்டியலில், அதாவது ஹவாலாவில், போட்டால் நாளைக்கே யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் கிடைக்கும்" என்ற யோசனை பிறக்கிறது. ஒரே அடியில் மூன்று தப்பு. உண்டியல் இங்கே ஃபெமா என்ற அந்நியச் செலாவணிச் சட்டத்தை மீறுவது, தொகையைப் போல் மூன்று மடங்கு வரை அபராதம். அங்கே உங்கள் பெயரில் எதுவும் இல்லை. விற்றாலும் காசு எந்தச் சட்டபூர்வமான கணக்கு வழியாகவும் உங்களிடம் வராது.

சட்டப்படி குத்தகைக்கு எடுத்தாலும் வடக்கில் உறுதியை, அதாவது நம் ஊர்ப் பத்திரத்தை, துருவிப் பார்ப்பது லேசான வேலை இல்லை. பெங்களூரில் பி கத்தா சைட், அதாவது முழு அங்கீகாரம் இல்லாத மனை, வாங்கி அவதிப்பட்டவருக்கு இது உடனே விளங்கும். வன்னியில் பெரும்பகுதி அரசாங்கம் குடியேற்றத் திட்டங்களில் கொடுத்த அனுமதிப்பத்திரக் காணி, அதை வைத்திருப்பவர் நினைத்தவுடன் கைமாற்ற முடியாது. பி கத்தாவைப் போலவே இதிலும் வேலி இருக்கும், கிணறு இருக்கும், வரி கட்டிய சிட்டை இருக்கும். இல்லாதது கைமாற்றும் உரிமை மட்டும்.

தனியார் உறுதிக் காணியில் வேறு முடிச்சுகள். யாழ்ப்பாணத் தேசவழமைச் சட்டப்படி கூட்டுச் சொந்தக்காரருக்கு முன்னுரிமைக் கொள்வனவு உரிமை இருக்கிறது, அவருக்கு அறிவிக்காமல் விற்றால் வழக்குப் போடலாம். சீதனமாக வந்த காணியை மனைவி விற்கக் கணவனின் எழுத்து மூலச் சம்மதம் வேண்டும். காணி உடுவிலில், அக்கா டொரன்டோவில், அத்தான் லண்டனில், தம்பி சென்னை வேப்பேரியில் என்றால் ஒவ்வொருவரிடமிருந்தும் அற்றோணித் தத்துவம், அதாவது பவர் பத்திரம், வாங்கிப் பதிய வேண்டும். ஒருவர் விடுபட்டாலும் உறுதி ஆடும். பத்து ஆண்டு தடையின்றி அனுபவித்தவர் ஆட்சியுரிமை கோரலாம் என்பதும் பொதுச் சட்டத்தில் உண்டு. போரில் இடம்பெயர்ந்தவர்களுக்காக 2016இல் தனிச் சட்டம் போட்டு அந்தக் காலத்தைக் கழிக்க வழி செய்தார்கள். ஆக, இன்று அங்கே குடியிருப்பவரும் எங்கோ இருக்கும் உறுதிக்காரரும் இருவருமே நியாயத்தோடு நிற்கக்கூடும். பலாலியைச் சுற்றிய வலிகாமம் வடக்கில் இராணுவம் இன்னும் விடாத காணிகளும் இருக்கின்றன.

காணி வாங்கி விற்கும் கம்பெனி தொடங்கலாமே என்றால், நில வணிகத்தில் வெளிநாட்டு நேரடி முதலீடு செய்வதை இந்திய விதிகளே தடுக்கின்றன. அடுக்குமாடி வீடு மட்டும் மிஞ்சுகிறது. அதன் வாடகை இலங்கை ரூபாயில் வரும், பூட்டிக் கிடக்கும் மாதத்துக்கும் பராமரிப்புக் கட்டணம் உண்டு, விற்க ஆள் தேடுவது கொழும்பில் சுலபமில்லை. பொழுதுபோக்க ஒரு வீடு வேண்டும் என்பவர் வாங்கட்டும். முதலீடு என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்.

ஐந்தாவது: தொழில், அல்லது வேலை

கம்பெனி தொடங்கினால் என்ன என்ற யோசனைக்கு இரு நாட்டு வேலிகளையும் முதலில் பாருங்கள். இந்தியத் தனிநபர் வெளிநாட்டில் நிதிச் சேவைத் தொழிலில் நேரடி முதலீடு செய்யக் கூடாது, ஆகவே அடகுக் கடை, சிறுகடன் கம்பெனி எல்லாம் வெளியே. இலங்கையில் சில்லறை வியாபாரத்துக்கு வெளிநாட்டு மூலதனம் 50 லட்சம் டாலருக்குக் குறையக் கூடாது. சிக்பேட்டைப் பாணியில் ஒரு துணிக்கடையை யாழ்ப்பாணம் பெரியகடையில் திறப்பது அதோடு முடிந்தது.

மிச்சத் தொழில்களுக்கு வழி இதுதான்: இங்கே வங்கியில் வெளிநாட்டு நேரடி முதலீட்டுக்கான எஃப்.சி. படிவம் கொடுத்து, பணம் அனுப்பும் முன்பே தனி அடையாள எண் வாங்க வேண்டும். பங்குச் சான்றிதழை ஆறு மாதத்துக்குள் வங்கியிடம் கொடுக்க வேண்டும். ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31க்குள் செயல்பாட்டு அறிக்கை, தணிக்கை செய்த கணக்கை வைத்து. தொழில் படுத்துவிட்டாலும் அறிக்கை தொடர வேண்டும், விட்டால் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். கடைசி இடத்தில்தான் பெரும்பாலானோர் வழுக்குகிறார்கள்: கம்பெனியைத் திறக்கத் தெரியும், முறையாக மூடத் தெரியாது.

அதனால்தான் முதல் போடாத வழியை முன்னே வைக்கிறோம். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடம் கிளிநொச்சி அறிவியல் நகரில் இயங்குகிறது. யாழ்ப்பாணத்தில் சிறிய மென்பொருள் நிறுவனங்கள் இருக்கின்றன. பெங்களூரில் பத்து இருபது பேர் வைத்து நடத்தும் ஒரு நிறுவனம் தன் வேலையில் ஒரு பகுதியை அங்கே ஒப்பந்தத்துக்குக் கொடுத்தால், அது சேவை இறக்குமதி. எல்.ஆர்.எஸ். வரம்பு இல்லை, ஆண்டறிக்கை இல்லை, ஒத்துவராவிட்டால் ஒப்பந்தக் காலம் முடிந்ததும் விலகலாம். தமிழிலேயே பேசி வேலை வாங்கலாம் என்பது ஊதியத்தில் எழுதப்படாத வசதி. பணமும் குறியீட்டுக்குப் போகாமல் நேராக வடக்கில் ஒருவரின் சம்பளமாகிறது.

வரி இரண்டு. சேவை இறக்குமதிக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி.யை நீங்களே கட்டி, உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ள வேண்டும். ஏற்றுமதி செய்யும் கம்பெனி என்றால் திரும்பக் கேட்கலாம். தொழில்நுட்பக் கட்டணத்துக்கு ஒப்பந்தப்படி 10 சதவீதம் வருமான வரி பிடித்தம், அதற்கு அந்த இலங்கை நிறுவனம் தன் நாட்டு வரிவாசிச் சான்றிதழைத் தர வேண்டும். தராவிட்டால் 20 சதவீதமும் அதன் மேல்வரியும்.

பேரம் பேசும்போது அவர்கள் "கையில் ஒரு லட்சம் வர வேண்டும்" என்பார்கள். அப்படி எழுதிவிட்டால் வரியும் உங்கள் தலையில்: ஒரு லட்சம் கையில் சேர நீங்கள் 1,11,111 ரூபாய்க்குக் கணக்கு வைக்க வேண்டும். "பில் தொகை ஒரு லட்சம், வரி அதிலிருந்து கழிக்கப்படும்" என்று எழுதி, கழித்த வரிக்கான சான்றிதழைக் காலாண்டுக்கு ஒருமுறை அனுப்புங்கள். அதை வைத்து அவர்கள் அங்கே வரி கழித்துக்கொள்ள முடியும். 2025 ஏப்ரல் முதல் சேவை ஏற்றுமதி வருமானத்துக்கு இலங்கையில் 15 சதவீத வரி வந்துவிட்டதால் இந்தச் சான்றிதழ் அவர்களுக்கு இப்போது காசு. அனுப்ப மறந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் அந்தப் பத்தையும் விலையில் ஏற்றிவிடுவார்கள்.

மின்சாரத்துக்கும் ஒரு வரி எழுதுங்கள். 2022 மார்ச் இறுதியில் நாள் ஒன்றுக்கு 13 மணி நேரம் வரை மின்வெட்டு நடந்த நாடு அது. ஜெனரேட்டர் யாருடையது, டீசல் யார் பொறுப்பு, வேலை நின்ற மணி நேரத்துக்குப் பில் போடலாமா கூடாதா என்று ஒப்பந்தத்திலேயே இருக்கட்டும். தொகையை டாலரிலோ இந்திய ரூபாயிலோ எழுதுங்கள். இலங்கை ரூபாயில் எழுதினால், அது சரியும் மாதத்தில் உங்களுக்கு மிச்சமாகும், ஆனால் அங்கே வேலை செய்யும் பிள்ளைகள் அதற்கு அடுத்த மாதம் வேறு இடம் பார்த்துப் போய்விடுவார்கள்.